பழைய பாக்ஸுக்கு எந்த மிட் போடுவது?

"ஒரு ஸ்பீக்கர்தான் மாமா போயிருக்கு. ஒண்ணு! எதுக்கு ரெண்டையும் மாத்தணும்கிறீங்க?"

"ரெண்டும் போச்சுடா. வலது பக்கமும் கிழிஞ்சிருக்கு."

"எங்க கிழிஞ்சிருக்கு? விரலை வச்சுக் காட்டுங்க பாப்போம். மீட்டர் வச்சுப் பாத்தாச்சு, பேட்டரி வச்சுப் பாத்தாச்சு. கல்லு மாதிரி இருக்கு."

"நேத்து நீயும்தானே அங்க நின்னே? காதுல என்ன, பஞ்சா வச்சிருந்தே? கரகரன்னு கேக்கல?"

"கேட்டுச்சு. கேட்டதாலதான் சொல்றேன். அது பாக்ஸ்ல இருந்து வரல மாமா. அது வந்து…"

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. பாதி இறங்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து, கையில் டீ பிளாஸ்க்குடன் அக்கா உள்ளே வருவதைத் தம்பி பார்த்துவிட்டான்.

"என்னடா, நிறுத்திட்டே? பாக்ஸ்ல இருந்து வரலன்னா வேற எங்க இருந்து வருது?"

"கேபிள்க்கா. கேபிள் லூசா இருக்கும்னு சொல்ல வந்தேன்."

சொல்லிவிட்டுக் கேபிள் சுருளைத் தூக்கிக்கொண்டு வேன் பக்கம் கம்பி நீட்டினான். தொழிலில் அவனுக்கு ஃப்யூஸ் என்று பெயர். வைத்தது மாமாதான். வேலையில் சுத்தம், ஆனால் சட்டென்று கோபம் வந்து வெடித்துவிடுவான், பிறகு அரைமணி நேரத்துக்கு ஆளே எரியாது. அப்படிப்பட்டவன் இன்று சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனதுதான் அவளுக்கு உறுத்தியது.

மைக்செட்காரர், அதாவது அவள் கணவர், முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்குரூடிரைவரைத் தேடினார். அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

அவள் டீயை ஊற்றி வைத்துவிட்டுக் கழுத்தில் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள். சில மாதங்களுக்கு முன்னால்தான் அந்தக் கழுத்தில் இருந்து ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள். பயப்படும்படியான கட்டி இல்லை. ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு ஒன்று அதை ஒட்டியே ஓடுகிறது, அது கொஞ்சம் சோர்ந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர் அம்மா. பழையபடி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்கள் என்றார். மற்றவர்களுக்கு என்றால் இது பெரிய விஷயம் இல்லை. இவளுக்கு வேலையே குரல்தான்.

மைக்செட் வாடகைக்கு விடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அறிவிப்பாளரையும் சேர்த்துக் கொடுப்பது இந்தக் குடும்பம் மட்டும்தான். பள்ளி ஆண்டு விழா, ஓட்டப்பந்தயம், கம்பெனிக் கூட்டம், கடை திறப்பு, எதுவானாலும் மாமா சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் முன்னால் உட்காருவார், தம்பி ஒயர் இழுப்பான், அக்கா மேடை ஓரத்தில் மைக்கோடு நிற்பாள். "அந்த அக்கா பேசுவாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பலர் தேதியே சொல்வார்கள். ஒரு கண்காட்சியில் அவள் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தபோதுதான் மைக்செட்காரர் அவளைப் பார்த்தார். பார்த்தார் என்பதைவிடக் கேட்டார் என்று சொல்ல வேண்டும். "நீங்க பொண்ணு பாக்க வரல, பொண்ணு கேக்க வந்தீங்க" என்று இன்றைக்கும் அவள் கேலி செய்வாள்.

நேற்று நடந்தது ஒரு கம்பெனியின் ஆண்டுக் கூட்டம். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் மைக்கைத் தொட்ட முதல் நாள். இடைவேளைக்கு முன்பே இடது பாக்ஸில் கருகல் வாடை வந்து மிட் ஸ்பீக்கர் செத்துவிட்டது. அது உண்மை, அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் அதற்கும் முன்னாலேயே, அவள் வரவேற்றுப் பேசி முடிப்பதற்குள், பின்வரிசையில் இருந்து ஒருவர் கத்தினார்: "யோவ், ஸ்பீக்கர் கிழியுதுய்யா!" அவள் வாயை மூடிக்கொண்டாள். மைக்செட்காரர் மிக்ஸரில் இருந்து எழுந்து நின்று, "ஆமாங்க, மிட் கிழிஞ்சிருச்சு, மன்னிக்கணும்" என்று கூட்டத்துக்கே கேட்கும்படிச் சொன்னார். அவளுக்கு அப்போது உயிர் திரும்பி வந்தது. ஸ்பீக்கர்தான். நல்லவேளை, ஸ்பீக்கர்தான். மீதி நிகழ்ச்சியை அந்தக் கம்பெனி ஆளே பேசிச் சமாளித்தார்.

ஆனாலும் வீட்டுக்கு வந்து, அறையைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். "இனிமே அந்த மைக்கை நான் தொடல" என்று சொன்னாள். அவர் கதவுக்கு வெளியே நின்று, "ஸ்பீக்கர் போனதுக்கெல்லாமா அழுவாங்க? வேற போட்டாச் சரியாயிடும்" என்றார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் கட்டிங் பிளேயர் எடுக்க வேனுக்குப் போன நேரம் பார்த்து, அவள் வலது பாக்ஸின் முன்னால் குந்தினாள். இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இதெல்லாம் அத்துப்படி. பாக்ஸின் அடியில் பெரிய ஊஃபர், அது அடிச்சத்தத்துக்கு. மேலே ஹாரன், அது சின்னச் சின்னக் கூர்மையான சத்தத்துக்கு. ரெண்டுக்கும் நடுவில் கை அகலத்தில் உட்கார்ந்திருப்பது மிட். மனிதன் பேச்சு முக்கால்வாசி அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. ஐந்து விரலையும் அதன் நடுவில் கூம்பாக இருக்கும் கோனைச் சுற்றி வைத்து மெதுவாக அமுக்கினாள். உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் உரசினால் விரலுக்குச் சொரசொரவென்று தெரியும். ஒன்றும் தெரியவில்லை. வெண்ணெய் மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. விளிம்பிலும் கிழிசல் இல்லை.

எழுந்து முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டாள். ரெண்டும் ஜோடியாக இருந்தால்தான் ரெண்டு பக்கமும் சத்தம் ஒரே மாதிரி இருக்கும், அதனால்தான் ரெண்டையும் மாற்றச் சொல்கிறார் என்று தனக்குத்தானே ஒரு சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டாள். அதில் நியாயமும் இருந்தது. அந்த மாடல் மிட் இப்போது வருவதே இல்லை. புதிது ஒன்று, பழையது ஒன்று என்று போட்டால் ஒரு பக்கம் அண்ணன் பேசுவான், மறுபக்கம் தம்பி பேசுவான்.

ஸ்பீக்கர் கடைக்காரரை எல்லோரும் மேக்னட் என்பார்கள். உள்ளே போனவர்களை லேசில் வெளியே விடமாட்டார், பேசியே ஒட்டவைத்துக்கொள்வார். கடை ஒரு நீளமான குகை. ரெண்டு பக்கமும் கூரைவரை அட்டைப்பெட்டி. நடுவில் ஒருவர் மட்டும் பக்கவாட்டில் நடக்கலாம்.

"எட்டு இன்ச்சு, எட்டு ஓம்ஸ், மிட்" என்றார் மைக்செட்காரர்.

"எத்தனை வாட்ஸ்னு கேக்க மாட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றார் மேக்னட். "வர்றவன் எல்லாம் பெரிய வாட்ஸ் குடு, பெரிய வாட்ஸ் குடுங்கிறான். வாட்ஸ்ங்கிறது எவ்வளவு அடி வாங்கும்ங்கிறதுதானேய்யா? எவ்வளவு நல்லாப் பேசும்ங்கிறது வேற கணக்கு."

"அதைத்தான் நானும் நாய் மாதிரி கத்திட்டு இருக்கேன்" என்றான் ஃப்யூஸ்.

"நீ எதுக்கும் கத்துவே" என்றாள் அக்கா. மேக்னட் அவள் குரலைக் கேட்டுத் தலையைத் தூக்கினார். ஒரு விநாடி. பிறகு ஒன்றுமே கேட்காதது மாதிரி ஏணியில் ஏறி ரெண்டு ஜோடி பெட்டிகளை இறக்கினார்.

முதல் ஜோடி லேசான பேப்பர் கோன், பின்னால் கனமான காந்தம். "இது ஒரு வாட் குடுத்தா தொண்ணூத்தெட்டு டெசிபல் பேசும். உங்க பழைய மிட்டும் அதேதான். ஊஃபர், ஹாரன் ரெண்டோடயும் தோள் சேர்ந்து ஓடும்." ரெண்டாவது ஜோடி பளபளவென்று கறுப்பு கோட்டிங் போட்ட தடித்த கோன். "இது பதமாப் பேசும். வீட்டு ஹாலுக்கு, பாட்டுக்கு அருமை. ஆனா தொண்ணூத்தி மூணுதான். மத்த ரெண்டும் முன்னால போயிடும், இது ரெண்டு அடி பின்னால நிக்கும். உங்களுக்கு நான் சொல்லணுமா? ரெண்டையும் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க. போல்ட் மட்டும் முறுக்கிடாதீங்க. முறுக்கின ஸ்பீக்கரைத் திருப்பி வாங்க மாட்டேன், பெத்த பிள்ளை வந்து கேட்டாலும் கிடையாது."

இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. தொழில் தெரிந்த எவனும் முதல் ஜோடியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். மைக்செட்காரர் ரெண்டையும் வேனில் ஏற்றினார்.

அவர்கள் ஸ்பீக்கர் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. மற்றவர்கள் பாட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். இவர் அவள் குரலைத்தான் போட்டுப் பார்ப்பார். "பாட்டு எதுல போட்டாலும் பாட்டுதான். பேச்சுதான் மாட்டிவிடும்" என்பார். அதற்கென்று அவள் வைத்திருக்கிற வாசகமும் ஒன்று உண்டு: "வாசலை மறித்து நிற்கும் சிவப்பு நிறக் காரின் சொந்தக்காரர் உடனடியாக வந்து காரை எடுக்கவும்." கசடதபற எல்லாம் அதில் முட்டிக்கொண்டு நிற்கும். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஸ்பீக்கர்களை இல்லாத அந்தச் சிவப்புக் கார்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது.

பேப்பர் கோன் ஜோடியைப் போல்ட் போடாமல் ஓட்டையில் பொருத்தி, ஒயரைக் கொடுத்தான் ஃப்யூஸ். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"வாசலை மறித்து நிற்கும்…"

பாக்ஸில் இருந்து வந்த குரலைக் கேட்டு அவளே நிறுத்திவிட்டாள். ரெண்டாக விரிந்த மூங்கில் மாதிரி ஒரு குரல். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது, ஒவ்வொரு சொல்லின் மேலும் உப்புத்தாள் தேய்த்திருந்தது. தலைக்குள்ளே கேட்கும்போது இப்படி இல்லையே.

"இது சரிப்படாது" என்றார் மைக்செட்காரர், அவள் முகத்தைப் பார்க்காமல். "கீச்சுனு இருக்கு. கழட்டுடா."

"மாமா, இதுதான் மாமா கரெக்ட்டு…"

"கழட்டுன்னா கழட்டு."

கறுப்பு ஜோடி உட்கார்ந்தது. அவள் தயங்கித் தயங்கி மறுபடியும் ஆரம்பித்தாள். இந்த முறை வந்தது வேறு பெண். அவளுக்குத் தெரிந்த பெண். கரகரப்பெல்லாம் எங்கேயோ போய், தேய்த்து மெழுகிய தரை மாதிரி வழவழவென்று வந்தது. கொஞ்சம் மந்தம், கொஞ்சம் தூரம், ஆனால் அவள்தான். சிவப்புக் கார் முடிவதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

"பாத்தியா?" என்றார் அவர். "ஸ்பீக்கர்தான்னு சொன்னேன்ல?"

ஃப்யூஸ் தலையைச் சொறிந்தான். "'சிவப்பு'ல 'சி' எங்க மாமா போச்சு?"

"உன் தலையிலதான் இருக்கு. போய் வளையம் அறு."

கறுப்பு ஸ்பீக்கரின் சட்டம் கொஞ்சம் சின்னது, பாக்ஸ் ஓட்டைக்கு இடைவெளி விட்டது. பிளைவுட்டில் ரெண்டு வளையம் அறுத்து, ரப்பர் வைத்து, போல்ட் முறுக்கினார்கள். முறுக்கும்போது ஃப்யூஸ் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பெருமூச்சு விட்டான். அவர் கண்டுகொள்ளவில்லை. பேப்பர் கோன் ஜோடியை அவரே அன்று மாலை கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வாரம் முழுவதும் அவள் வீட்டில் பேசிக்கொண்டே இருந்தாள். பால்காரரிடம் பேசினாள், போனில் நாத்தனாரிடம் பேசினாள். "ஸ்பீக்கர் போயிருந்துச்சு அண்ணி, நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்" என்றாள். மறுமுனையில் நாத்தனார், "அப்படியா, நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாள்.

அடுத்து வந்தது ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழா. நீளமான ஹால், பின்னால் மாடிப்படி வரை பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் புதுச் சேலை கட்டிக்கொண்டு, கழுத்துத் துணியைக்கூட எடுத்துவிட்டு, மேடை ஓரத்தில் நின்று வரவேற்றாள். யாரும் கத்தவில்லை. முன்வரிசையில் ஒரு டீச்சர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்குக் கால் தரையிலேயே நிற்கவில்லை.

பிறகு தலைமை ஆசிரியை பேசினார். பிறகு ஒரு சின்னப் பெண் வந்து மனப்பாடம் செய்த பேச்சைப் பேசினாள். கையை ஆட்டி ஆட்டி, கண்ணை உருட்டி, உயிரைக் கொடுத்துப் பேசினாள். பாதியில் ஓர் அம்மா ஹாலின் ஓரமாக வேகவேகமாக நடந்து மிக்ஸரிடம் வந்தார்.

"அண்ணே, கொஞ்சம் சத்தமா வைங்கண்ணே. என் பொண்ணு பேசுறா, ஒண்ணும் புரியல."

மைக்செட்காரர் ஏற்றினார். ஹால் 'ம்ம்ம்' என்று முனகியதே தவிர, பேச்சு தெளியவில்லை. இன்னும் ஏற்றினார். மைக் ஊளையிட்டது. சின்னப் பெண் பயந்து நிறுத்தி, மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தாள். அந்த அம்மா திரும்பித் தன் இடத்துக்குப் போகாமல், மேடைக்குப் பக்கத்திலேயே போய் நின்று மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடை ஓரத்தில் நிற்பவர்களுக்குப் பாக்ஸின் சத்தம் நேராகக் கேட்காது. அதனால் அவள் இறங்கி, சுவர் ஓரமாகவே பின்வரிசை வரை நடந்தாள். நடக்க நடக்க அவளுக்குப் புரிந்தது. மேடையில் யாரோ வாயில் தலையணையை வைத்துக்கொண்டு பேசுவது போல் இருந்தது. சத்தம் நிறைய இருக்கிறது, சொல்தான் இல்லை. அடுத்து வந்த சிறப்பு விருந்தினருக்கும் அதே தலையணை. கடைசி வரிசையில் ஒரு பெரியவர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்திருந்தார்.

"ஐயா, கேக்குதுங்களா?" என்று குனிந்து கேட்டாள்.

"நீங்கதானே முதல்ல பேசினது? உங்க குரல் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார் அவர் மரியாதையாக. "என்ன சொன்னீங்கன்னுதான் தெரியல."

இத்தனை வருடமும் யாரும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. குரலைப் பற்றிச் சொல்லாதவர்கள் உண்டு. சொன்னது புரியவில்லை என்றவர் ஒருவர்கூட இல்லை.

மேடைக்குத் திரும்பிப் போனாள். மீதி நிகழ்ச்சியைச் சொல்லைப் பிரித்துப் பிரித்து, மெதுவாகச் சொல்லி முடித்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஷெட்டுக்கு வந்து ஷட்டரைத் தூக்கியதும்தான் ஆரம்பித்தாள்.

"என்னங்க, இந்தக் கறுப்பு ஸ்பீக்கரை எதுக்குப் போட்டீங்க?"

"ஹால் சரியில்ல. ஒரே எதிரொலி."

"ஹாலைக் கேக்கல. ஸ்பீக்கரைக் கேட்டேன்."

"ரெண்டு நாள் ஓடினா இளகிடும். புதுசுல்ல?"

"வலது பக்க மிட்டை நான் அன்னிக்கே அமுக்கிப் பாத்தேன். அதுல ஒரு குறையும் இல்ல."

மைக்செட்காரர் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது. ஃப்யூஸ் வெளியே போகலாமா வேண்டாமா என்று ஒரு காலை வாசலில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நீ அன்னிக்கு மைக்கையே தொடமாட்டேன்னு சொன்னே" என்றார் அவர், கேபிளிடம் சொல்வது போல. "உன்கிட்ட போய், ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, உன் தொண்டைதான்னு எப்படிச் சொல்லச் சொல்றே? வாய் வருமா? அந்தக் கறுப்பைப் போட்டப்போ நீ சிரிச்சே. ஆபரேஷனுக்கு அப்புறம் நீ அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. அவ்வளவுதான். வேற எதையும் நான் பாக்கல."

"அதுக்காக ஊர்ல இருக்கிறவங்க வாயெல்லாம் துணியை வச்சு அடைப்பீங்களா? அந்தப் பொண்ணு எவ்வளவு நாள் மனப்பாடம் பண்ணியிருக்கும்? அதோட அம்மா, பாவம், வாயைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க."

"தப்புதான்."

"தொழில் தெரிஞ்சவர் பண்ற வேலையா இது?"

"தப்புதான்னு சொல்றேன்ல?"

அவர் குரல் உடைந்தது. இப்போது யாருடைய குரல் மோசம் என்று சொல்வது கடினமாக இருந்தது. அவளுக்குக் கோபம் பாதியில் கரைந்துபோய், மீதியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "குரல் போச்சுன்னு ஆளையும் சேர்த்து ஜோடியா மாத்தாம விட்டீங்களே, அதுவரைக்கும் புண்ணியம்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஃப்யூஸ்தான் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று விழித்தான்.

அவன்தான் ஒரு வழியும் சொன்னான். "அக்கா, ஒண்ணு பண்ணலாம். நல்ல மிட்டை ஜனங்க பக்கம் போட்டுடுவோம். இந்தக் கறுப்பை ஒரு சின்ன பாக்ஸ்ல போட்டு மேடைக்கு உள்ளே, உன்னைப் பாத்து வச்சிடுவோம். உனக்கு உன் பழைய குரல் கேக்கும். அவங்களுக்குச் சொல்லு கேக்கும்."

நல்ல யோசனைதான். மைக்செட்காரரின் முகம்கூட நிமிர்ந்தது. அவள் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள்.

"வேண்டாம்டா. எனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணா? நான் நல்லாப் பேசுறேன்னு நானே நினைச்சுக்கிட்டு நிப்பேன், முன்னாடி இருக்கிறவங்க முகத்தைச் சுளிப்பாங்க, ஏன்னு எனக்குத் தெரியாது. அதைவிடக் கேவலம் உண்டா?"

மறுநாள் மூவரும் மேக்னட் கடைக்குப் போனார்கள். வேனில் கிடந்த, போல்ட் முறுக்கிய தடம் தெரியும் கறுப்பு ஸ்பீக்கர்களைப் பார்த்துவிட்டு மேக்னட் அவர்களைப் பார்த்தார். "திருப்பி வாங்க மாட்டேன்னு சொன்னேன்ல?"

"திருப்பிக் குடுக்க வரலண்ணே" என்றாள் அவள். "அந்தப் பேப்பர் கோன் இருக்கா, போயிடுச்சா?"

"இருக்கு." அவர் ஏணியை இழுத்தார். மேலே ஏறி, பெட்டியைத் தேடுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "தொண்டையைப் பாத்துக்கம்மா. வெந்நீர் குடி." அவ்வளவுதான். அன்றைக்கு மேக்னட் அதற்கு மேல் ஒரு வார்த்தைகூடப் பேசி யாரையும் ஒட்டவைக்கவில்லை.

பேப்பர் கோனுக்கு வளையம் தேவைப்படவில்லை, பழைய ஓட்டையிலேயே சரியாக உட்கார்ந்தது. ரெண்டு பாக்ஸையும் ஷெட்டுக்கு வெளியே முற்றத்தில் தெருவைப் பார்த்து நிறுத்தினார்கள். எதிர்ச் சாரியில் டயர் கடை. கடைக்காரர் ஒரு லாரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஃப்யூஸ் தெருமுனை வரை நடந்து போய் நின்றான்.

அவள் மைக்கைப் பிடித்தாள். வரும் சனிக்கிழமை ஒரு விளையாட்டுத் திடலில் ஓட்டப்பந்தயம். அதற்கான அறிவிப்பையே சொல்லிப் பார்த்தாள்.

"நானூறு மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொள்பவர்கள் கிழக்கு வாசல் பக்கம் உள்ள மேசையில் எண் அட்டையைப் பெற்றுக்கொள்ளவும்."

அதே குரல்தான். விரிந்த மூங்கில்தான். நடுவில் ஓர் இடத்தில் காற்று மட்டும் வந்தது, சத்தம் பிறகு வந்து சேர்ந்துகொண்டது. அவளுக்கு உடம்பு கூசியது. மிக்ஸரில் அவர் கை தானாகவே ஒரு குமிழின் மேல் போனது. குரலின் கூர்மையைக் குறைக்கிற குமிழ் அது.

"கையை எடுங்க."

"கொஞ்சமாத்தான்…"

"கொஞ்சமும் வேண்டாம். எடுங்க."

எடுத்துவிட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். அவள் மறுபடி முதலில் இருந்து, நிறுத்தாமல், முழு அறிவிப்பையும் சொன்னாள். தெருமுனையில் ஃப்யூஸ் ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான்.

டயர் கடைக்காரர் நிமிர்ந்தார். "எப்பங்க பந்தயம்? பெரியவங்களும் ஓடலாமா?"

"சனிக்கிழமைண்ணே. எல்லாரும் ஓடலாம்" என்றாள் அவள் மைக்கிலேயே. பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கேட்டே விட்டாள். "அண்ணே, புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது. கிழக்கு வாசல், நம்பர் அட்டை."

"குரல்?"

அவர் சக்கரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சளியா இருக்கும் போலிருக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் வேலையில் இறங்கினார்.

அவள் மைக்கை அணைத்தாள். சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

"என்ன முடிவு?" என்றார் மைக்செட்காரர். "சனிக்கிழமைக்கு வேற ஆளைச் சொல்லவா? உனக்குக் கஷ்டமா இருந்தாச் சொல்லு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"நான்தான் பேசுறேன்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். ஆனா ஒண்ணு. நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு நீங்க ரெண்டு பேரும் இனிமே என்கிட்ட சொல்லக் கூடாது. நீங்க புருஷன், இவன் கூடப்பிறந்தவன். உங்க ரெண்டு பேர் காதையும் நான் நம்பப் போறதில்ல."

"அப்ப யாரைத்தான்கா நம்புவே?" என்றான் வந்து சேர்ந்த ஃப்யூஸ், மூச்சிரைக்க.

"என்னைத் தெரியாதவங்களை."

பாக்ஸில் இப்போது பேப்பர் கோன் இருக்கிறது. சனிக்கிழமை அவள்தான் பேசப் போகிறாள். அதில் மாற்றம் இல்லை. அதற்குப் பிறகும் தொடர்ந்து மேடையில் நிற்பதா, வேறு ஒருவருக்குப் பழக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வதா என்பதைத்தான் அவளால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. வீட்டில் கேட்டால் வீட்டுப் பதில்தான் கிடைக்கும். டயர் கடைக்காரர் பாதிப் பதில் சொல்லிவிட்டார்.

அதனால் அவள் சார்பில், இதைப் படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் அவளைப் பார்த்ததில்லை, பழைய குரலையும் கேட்டதில்லை. ஒரு விழாவுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். அறிவிப்பவரின் குரல் கரகரவென்று இருக்கிறது, நடுவில் ஓரிடத்தில் உடைகிறது, ஆனால் சொல்வது ஒவ்வொன்றும் கடைசி வரிசை வரை புரிகிறது. உங்களுக்கு அது போதுமா, அல்லது காதை உறுத்துமா? ஆறுதலுக்காகச் சொல்லாதீர்கள், அவள் கண்டுபிடித்துவிடுவாள். உள்ளதை உள்ளபடி கீழே எழுதுங்கள். இப்படித் தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகும் மைக்கில் பேசுகிறவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் எப்படித் தொடர்ந்தீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள். சனிக்கிழமைக்கு முன்னால் எழுதினால் நல்லது.